கண்ணாடி முன்னால் ஒரு கணக்கெடுப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எளிமையான வாழ்க்கை பற்றி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். நான் பேசப்போவது மேக்கப் பெட்டியைப் பற்றி. "மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இதுல என்னடா வேலை?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. வேலை இருக்கிறது. தொழிற்சாலையில் என் பிழைப்பே ஸ்டோர்ஸையும் தரக் கட்டுப்பாட்டையும் பார்ப்பதுதான். எந்தப் பொருள் உள்ளே இருக்க வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று தினமும் தீர்மானிப்பவன் நான்.

ஜப்பான்காரர்கள் '5 எஸ்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலை வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் முதல் எஸ் 'செய்ரி'. வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது என்று பொருள். சந்தேகமான பொருளில் சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியே வைப்போம். குறிப்பிட்ட நாளுக்குள் அதை யாரும் தேடி வரவில்லை என்றால் வெளியே அனுப்பிவிடுவோம். இப்படிப்பட்ட ஒழுங்கை நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் கற்றுக்கொண்டன. மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. தொழிற்சாலைக்கு ஆகும் முறை வீட்டுக்கு ஆகாதா?

என் அக்கா வீடு கொட்டாம்பட்டியில். அக்கா மகள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். போன போகிக்கு வீட்டை ஒழித்துக் கொண்டிருந்தபோது அவளுடைய அலமாரியைத் திறந்தேன். டப்பா, டியூப், பாட்டில் எல்லாம் சரிந்து காலில் விழுந்தது.

"மாமா, நீங்க மிஷினப் பாக்குற ஆளு. இதுல உங்களுக்கு என்ன சோலி?" என்றாள்.

"ஸ்டாக் எடுக்கிறதுதான் தாயி என் சோலியே. எல்லாத்தையும் கொண்டாந்து திண்ணையில போடு" என்றேன்.

முதல் விதி அதுதான். ஒளிந்திருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்ட வேண்டும். கைப்பை, சூட்கேஸ், ஃபிரிட்ஜ் கதவு என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவந்து செய்தித்தாளை விரித்துப் பரப்பினோம். எண்ணினால் 41. அடிக்கடி எடுப்பது 9. கல்யாணம், திருவிழாவுக்கு மட்டும் 6. ஒரே மாதிரி இருப்பதால் பிரிக்கவே படாதது 8. தேதி முடிந்தது, வாடை மாறியது, காய்ந்தது 14. மீதி 4 பொருளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீணாய்ப் போன அந்த 14-க்கு மட்டும் விலையைக் கூட்டிப் பார்த்தோம். மூவாயிரத்தைத் தாண்டியது. பக்கத்தில் நின்ற அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் பால் ஊற்றிச் சேர்க்கிற காசு அது.

தேதி பார்ப்பது எப்படி என்று தங்கைகள் கேட்கலாம். நம் நாட்டுச் சட்டப்படி அழகுசாதனப் பொருளின் உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். சில டப்பாக்களில் மூடி திறந்த ஜாடி போல ஒரு சின்னப் படமும் அதற்குள் 6 அல்லது 12 என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் தாங்கும் என்று அர்த்தம். ஐரோப்பாவில் 2005 முதல் நடைமுறைக்கு வந்த அடையாளம் அது.

திறந்தபின் ஏன் கெடுகிறது? நாம் விரலை விடுகிறோம், பிரஷ்ஷை விடுகிறோம். ஒவ்வொரு தடவையும் கிருமி உள்ளே போகிறது. கெடாமல் காக்கச் சேர்த்த மருந்து எத்தனை நாளைக்குத்தான் போராடும்? உலர்ந்த பவுடர் ரொம்ப நாள் தாங்கும். தண்ணீர் கலந்த கிரீம் அவ்வளவு தாங்காது. இமைக்குப் போடும் மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றிவிடச் சொல்கிறார்கள். காய்ந்துவிட்டதே என்று தண்ணீரோ எச்சிலோ தொட்டுக் குழைக்கக் கூடாது. ஹாஸ்டலில் ஒரு மைக்குச்சியை நாலு பேர் சுற்றுக்கு விடும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருத்திக்கு வந்த கண்வலி நாலு பேருக்கும் வரும்.

இப்போது அந்த நான்கு பொருளுக்கு வருகிறேன். உண்மையில் நான் பேச வந்ததே அதற்குத்தான்.

ஒன்று, பேரே இல்லாத வெள்ளை டப்பா. இன்னொன்று, யாரோ அழகு நிலையத்தில் கலக்கிக் கொடுத்தது. மூன்றாவது, படிக்கத் தெரியாத எழுத்தில் வெளிநாட்டுக் கிரீம். நான்காவது, சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கிய ஒரு டியூப். அதில் பெட்டமெத்தசோன் என்று போட்டிருந்தது. "இது எதுக்குத் தாயி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "கலரு கூடும்னாங்க மாமா. கூடத்தான் செஞ்சுச்சு. ஆனா ரெண்டு நாளு போடாட்டி முகம் எரியுது" என்றாள்.

பெட்டமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் எல்லாம் ஸ்டீராய்டு வகை. தோல் நோய்க்கு மருத்துவர் அளந்து கொடுக்கிற மருந்து. 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. அதை அழகுக் கிரீமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பரு வரும், முடி முளைக்கும். விட்டால் எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசச் சொல்லும். அதனால் இதைத் தானாகவே சட்டென நிறுத்துவதைவிடத் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி விடுவதுதான் நல்லது.

பேரில்லாத டப்பாவில் பாதரசம் இருக்கலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. முகம் வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். சிறுநீரகம் கெடுவது தெரியாது. பக்கத்துக் கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் அங்குள்ள மருத்துவர்களிடம் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே உட்பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள்! மருத்துவர்கள் இதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-ல் சேர்ந்தது. அழகுசாதனப் பொருட்களிலிருந்து பாதரசத்தை 2025-க்குள் அறவே ஒழிக்க வேண்டும் என்று 2023-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் முடிவெடுத்தன. முடிவு காகிதத்தில் இருக்கும். டப்பா கடையில் இருக்கும். நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். பொறியியல் மாணவர்களுக்கு ஒரு துப்பு சொல்கிறேன். சில கிரீம்களின் உறையில் "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று இருக்கும். ஏன்? பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து கலவையாகிவிடும். நகையில் படக்கூடாத பொருள் முகத்தில் மட்டும் படலாமா?

மறுநாளே அவளை மதுரைக்கு அழைத்துப் போய்த் தோல் மருத்துவரிடம் நான்கு டப்பாவையும் காட்டினோம். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தார்கள். கோளாறு இல்லை என்ற பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது. இப்படிப்பட்ட கிரீமைச் சாக்கடையில் கழுவி ஊற்றாதீர்கள். அது வாய்க்காலுக்கும் வயலுக்கும்தான் போய்ச் சேரும். இறுக மூடிப் பையில் கட்டி, மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சரி, கழித்தபின் மிச்சம் என்ன? தினமும் மூன்று வேலைதான். மென்மையான சோப்பில் முகம் கழுவுவது, தோல் வறண்டால் ஒரு மாய்ஸ்சரைசர், வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கொட்டாம்பட்டி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் பைக்கில் போகிறவருக்கும் கடைசியாகச் சொன்னது அவசியம். இதற்கு மேல் பொட்டு, மை, பவுடர், லிப்ஸ்டிக் எல்லாம் அவரவர் விருப்பம். ஆசைப்பட்டுப் போடுவதை நான் குறை சொல்லவே இல்லை. இருப்பது தீர்ந்தபின் புதிது வாங்குங்கள். புதிதாக முயல்வதென்றால் சிறிய அளவில் வாங்குங்கள். கடலூரிலிருந்து புறப்பட்ட ஷாம்பு சாஷே ஊரெல்லாம் கற்றுக்கொடுத்த பாடம் அது. 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டும் மயங்க வேண்டாம். எலுமிச்சைச் சாறைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும்.

தரக் கட்டுப்பாட்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருளை 'குறை' என்று ஒதுக்குமுன், எந்த வரைபடப்படி குறை என்று கேட்போம். வரைபடம் இல்லாமல் குறை இல்லை. கறுப்பு நிறம் குறை என்று எந்த வரைபடத்தில் இருக்கிறது? 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. டப்பாவிலிருந்து போய்விட்டது, நம் மனதிலிருந்து போக வேண்டாமா?

தங்கைகளே, நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் மதிப்பெண் தாளில் நிறத்துக்குக் கட்டம் கிடையாது. தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பார்க்கப் போகிற வீட்டில் "பொண்ணு என்ன கலரு?" என்று நம் வீட்டார் கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான் பேரில்லாத டப்பாவை விற்றுக் கொடுக்கிறது. அங்கே வாய் திறந்து "அதெல்லாம் கேக்காதீங்கம்மா" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண்ணின் அலமாரியிலிருந்து ஒரு விஷ டப்பாவை எடுத்து வெளியே போடுகிறீர்கள்.

வீட்டுக்குப் போனதும் திண்ணையில் ஒரு செய்தித்தாளை விரியுங்கள். பயத்தில் வாங்கியது எது, ஆசையில் வாங்கியது எது என்று பிரியுங்கள். ஆசைக்கு வாங்கியது கொஞ்சம் இருக்கட்டும். பயத்துக்கு வாங்கியதில் முதலில் சிவப்புச் சீட்டை ஒட்டுங்கள்.