செற்றி விரிப்பும் அளவுநாடாவும்



எங்கள் கணித பாடநூல்களிற் பல தலைமுறைகளாக இடம்பெற்றுவரும் கணக்கொன்று உண்டு. ஓர் அறையின் நீளமும் அகலமும் தரப்பட்டிருக்கும். அதன் தரைக்குக் கம்பளம் விரிக்க எத்தனை சதுர அடி வேண்டும், என்ன செலவாகும் என்று வினவப்பட்டிருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனை எளிதாகச் செய்துவிடுகிறது. ஆனால் அப்பிள்ளையின் பெற்றோர், தம் வரவேற்பறைச் செற்றிக்கு ஒரு மேல்விரிப்பு வாங்கப் புடைவைக் கடைக்குச் செல்லும்போது அளவுநாடாவைத் தொட்டும் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்க்கின்றனர், பூவேலையைப் பார்க்கின்றனர், விலையைக் குறைத்துக் கேட்கின்றனர். வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்த பின்னரே துணி ஒரு முழம் போதாதென்பது தெரியவருகிறது. வெட்டிக் கொடுத்த துணியைக் கடைக்காரர் திரும்ப ஏற்பதுமில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இது சிறிய நட்டமன்று.

இத்தகைய விரிப்பைக் கடைகளில் ‘துரோ’ என்கின்றனர். எறிதல் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. அளந்து போடுவதற்குரிய பொருளுக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது வேடிக்கைதான். உறையின்மேல் 127 சென்ரிமீற்றர், 152 சென்ரிமீற்றர் என்று அளவு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அங்குலக் கணக்கில் இது 50க்கு 60. மேலை நாடுகளில் இதுவே மிகப் பரவலான அளவு. ஆனால் அது செற்றியை மூடுவதற்கென ஏற்பட்ட அளவன்று. குளிர் நாட்டிலே, மாலை வேளையில் கதிரையில் அமர்ந்து நூல் படிக்கும் ஒருவர், தம் மடிமீதும் கால்மீதும் போர்த்திக்கொள்வதற்கு ஏற்பட்ட அளவு. ஒருவர் மடிக்கு உரியதை மூவர் இருக்கைக்கு விரித்துவிட்டுப் போதவில்லையே என்று கவலைப்படுவதிற் பயனில்லை. ஆகவே வாங்குவதற்கு முன்னர், இவ்விரிப்பு மனிதரைப் போர்த்துவதற்கா, இருக்கையைக் காப்பதற்கா, அன்றி அழகுக்கா என்னும் வினாவுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். அளவு அந்த விடையைப் பொறுத்தது.

போர்த்துவதற்கு என்றால் நம் நாட்டில் அது பெரும்பாலும் மலையகத்தின் தேவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. தை, மாசி மாத இரவுகளிற் புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. அங்குள்ள வீடுகளுக்கு விரிப்பின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மழையிலும் குளிரிலும் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்ட முரட்டுக் கம்பளியை மூத்தோர் அறிவர். அதனைத் தோட்டம் கொடுத்து, விலையைக் கூலியிற் கழித்துக்கொண்ட காலமும் இருந்தது. இருந்து போர்த்துபவருக்கு 50க்கு 60 அங்குலம் போதும். செற்றியிற் படுத்து உறங்கும் பழக்கமுள்ள வீட்டில் அது போதாது. 5 அடி 8 அங்குல உயரமுள்ளவர் கழுத்துவரை இழுத்தால் கால்விரல் வெளியே தெரியும். காலை மூடினால் மார்பு திறந்துவிடும். அவருக்கு 60க்கு 80 அங்குலம் வேண்டும். உயரமானவரைப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து பாதம்வரை அளந்து, காலடியில் மடித்துச் செருகுவதற்கு 10 அங்குலமும் மேலே இழுத்துக்கொள்வதற்கு 6 அங்குலமும் கூட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலை வேறு. வியர்வைக்குத் தடிப்பான விரிப்பு மேலும் துன்பம். இங்கு விரிப்பின் வேலை இருக்கையைக் காத்தல். வியர்வை, தூசி, யன்னல் வழியே விழும் வெயில், தலை எண்ணெய் ஆகிய நான்கும் செற்றித் துணியின் பகைகள். அவற்றுள் எண்ணெயே கொடிது. படிந்த கறை எளிதிற் போகாது.

இத்தொல்லை நம்மவருக்கு மட்டும் உரியதென எண்ணவேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆடவர் ‘மக்காசர் எண்ணெய்’ என்பதனைத் தலையிற் பூசி மகிழ்ந்தனர். செலிபிஸ் தீவின் மக்காசர்த் துறைமுகத்தின் பெயரால் வழங்கியது அது. அவர்கள் சாய்ந்த கதிரைகளிலெல்லாம் கறை படிந்தது. வீட்டுப் பெண்கள் கழுவத்தக்க சிறு துணிகளைப் பின்னிக் கதிரை முதுகிற் போட்டனர். அத்துணிக்கு ‘அன்ரிமக்காசர்’, அதாவது மக்காசருக்கு எதிரி, என்று பெயரும் வந்துவிட்டது. புகைவண்டிகளிலும் விமானங்களிலும் தலை சாயுமிடத்திற் காணப்படும் வெண்துணி அதன் வழித்தோன்றலே. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வைக்கும் நமக்கு இதனினும் பொருத்தமான கண்டுபிடிப்பு வேறில்லை.

இதில் ஒரு சிக்கனமும் உண்டு. கறை படியுமிடம் தலை சாயுமிடமும் கை வைக்குமிடமுந்தான். அவ்விடங்களை மட்டும் மூடினால் முழுச் செற்றிக்கும் துணி தேடவேண்டியதில்லை. வீட்டில் உயரமானவரையும் குள்ளமானவரையும் மாறி மாறிச் சாய்ந்திருக்கச் செய்து, தலை படும் இடங்களை ஊசியாற் குறித்துக்கொள்க. இரு குறிகளையும் அடக்கி, மேலும் கீழும் நான்கு விரற்கடை மிகுந்திருந்தால் அதுவே அளவு. செற்றியின் முதுகு தாழ்வாயிருந்து தலை அங்கு படாதாயின், அத்துணியும் வேண்டாம்.

முழுதும் மூடத்தான் வேண்டும் என்போருக்கு இனிக் கணக்கு. கையிற் கடதாசியும் பென்சிலும் இருந்தால் நன்று.

மூவர் அமரும் செற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிநீளம் 84 அங்குலம். இரு கைகளும் 6 அங்குலம் வீதம் போக, உள்ளிருக்கை 72 அங்குலம். கைகளை விட்டு இருக்கையையும் முதுகையும் மூடுவதென வைத்துக்கொள்வோம். நாடாவைச் செற்றியின் பின்புறத்திலிருந்து தொடங்குக. பின்புறம் கீழே தொங்குவதற்கு 24 அங்குலம். முதுகின் முன்பக்கம் மேலிருந்து இருக்கைவரை 18. இருக்கையும் முதுகும் சேரும் இடுக்கிற் செருகுவதற்கு 6. இருக்கையின் ஆழம் 22. முன்னே தொங்குவதற்கு 14. கூட்டினால் 84 அங்குலம். குறுக்கே, உள்ளிருக்கை 72உடன் இரு பக்கத்து இடுக்கிலும் நான்கு நான்கு அங்குலம் சேர்த்து 80. ஆகவே நமக்கு வேண்டிய விரிப்பு 84க்கு 80. கடையில் மடித்துக் கட்டி வைத்த 50க்கு 60 இதற்கு எவ்வளவு தொலைவு என்பதைக் காண்க.

பலர் விட்டுவிடுவது அந்த 6 அங்குல இடுக்கைத்தான். ஒருவர் அமர்ந்து எழுந்தவுடன் விரிப்பு முன்னே சரிந்து வருவதற்கு அதுவே காரணம். இடுக்கிற் செருகிய துணியின்மேல், இறுகச் சுருட்டிய பழைய தினசரித்தாளை நீளவாட்டில் அழுத்தி வைத்தால் விரிப்பு இலகுவில் அசையாது.

இனி 84 அங்குல அகலத்தில் துணி எங்கே கிடைக்கும்? இங்கேதான் நெசவுத் தறியைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. துணியின் நீளத்தை நெசவாளர் வேண்டியவாறு நீட்டலாம். அகலமோ தறியின் அகலத்துக்கு மேற் போகாது. முற்காலத்தில் நெசவாளர் ஒரு கையால் எறிந்து மறு கையாற் பிடிக்கத்தக்க தூரமே துணியின் அகலமாயிருந்தது. மிக அகன்ற துணிக்குத் தறியின் இரு பக்கமும் இருவர் இருந்து ஓடத்தை எறிய வேண்டியிருந்தது. 1733ஆம் ஆண்டில் ஜோன் கே என்னும் ஆங்கிலேயர், கயிற்றை இழுத்தால் ஓடம் தானே மறுபுறம் பாயும் விசையோடத்துக்கு உரிமை பெற்ற பின்னர், ஒருவரே அகன்ற துணியை நெய்ய முடிந்தது. இன்றும் கைத்தறித் துணி பலவும் 45 அங்குலம் அளவில் நிற்பதைக் காண்கிறோம்.

45 அங்குலத் துணி நமக்குப் போதாதே என்று கைவிட வேண்டாம். அதனைக் குறுக்கே கிடத்தி, இரு துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துத் தைக்கலாம். பின்புறத்து 24உம் முன்முதுகு 18உம் சேர்ந்தால் 42. செருகும் 6, இருக்கை 22, முன்தொங்கல் 14 சேர்ந்தாலும் 42. தையல் விழுமிடம் சரியாக அந்த இடுக்கு. வெளியே ஒருவருக்கும் தெரியாது. துணியின் நெய்த கரையே முன்னும் பின்னும் வருமாதலால் அங்கு மடித்துத் தைக்கவும் வேண்டியதில்லை. பருத்தித் துணி முதற் சலவையிற் சுருங்கும். நூற்றுக்கு 5 பங்கு சுருங்குமெனக் கொண்டாற் 45 அங்குலம் 43க்குச் சற்றுக் குறைவாகும். தையலுக்கு அரை அங்குலம் போக 42 எஞ்சும். நீளத்துக்கு 5 யார் வாங்குக. சுருங்கியபின் 171 அங்குலம். இரு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 85. ஓரம் மடிக்க 2 அங்குலம் சேர்த்தும் 82தான் வேண்டும். எவ்வாறாயினும் துவைத்து உலர்த்திய பின்னரே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். மீற்றர்க் கணக்கிற் கேட்போர் 4.6 மீற்றர் என்று கேட்கலாம்.

கிழக்கிலே மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அத்தகைய இடத்தில் நேரே துணி வாங்குவோருக்கு ஒரு வசதி உண்டு: தம் அளவைச் சொல்லி நெய்விக்கக் கேட்கலாம். அப்போது முதலிற் கேட்கவேண்டியது அகலம், நிறம் பின்னர்.

அழகுக்காக மட்டும் விரிப்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம். 50க்கு 60 அங்குல விரிப்பை அகலத்தில் மூன்றாக மடித்தால் 17 அங்குலப் பட்டையாகும். அதனைச் செற்றியின் ஓர் ஓரத்தில் முதுகின்மேற் போட்டால் முன்னே 30, பின்னே 30 தொங்கும். முன்முதுகு 18 போக 12 அங்குலம் இருக்கையில் படியும். அது பார்வைக்கு நன்று. வாங்கும் முன்னர் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே துணி உண்டு. நாலு முழ வேட்டியின் நீளம் 72 அங்குலத்துக்குக் குறையாது. அகலம் ஏறத்தாழ 50. அதனைச் செற்றியிற் போட்டு, மடித்து, இழுத்து, மனத்துக்குப் பிடித்த நிலையில் விட்டு, அந்த நிலையை அளந்துகொண்டு கடைக்குச் செல்லலாம். வீட்டு ஐயா வேட்டியைத் தேடாத நேரமாகப் பார்த்துக்கொள்வது நலம்.

பிரம்பு பின்னிய செற்றிக்கும் சாய்மனைக் கதிரைக்கும் விரிப்பே வேண்டாம் என்பது என் எண்ணம். பிரம்பிலே துவாரம் விட்டுப் பின்னியது காற்றோட்டத்துக்காக. அதனைத் தடித்த துணியால் மூடிவிட்டு மின்விசிறியைக் கூட்டுவதிற் பொருளில்லை. அதுபோலவே, வருவோர் காண்பதற்கென விலையுயர்ந்த விரிப்பிட்டு, வீட்டு முதியவரை அதில் அமரவிடாமல் விறாந்தையிற் பழைய கதிரையோடு இருத்துகின்ற வழக்கத்தையும் சில இல்லங்களிற் கண்டிருக்கிறேன். முழங்கால் நோவுள்ளவருக்கு உயரமான நல்ல இருக்கையே வேண்டும். கழுவத்தக்க பருத்தி விரிப்பொன்று போட்டு அவரை அங்கேயே அமர்த்தினாற் செற்றிக்கு ஒரு கேடும் வராது.

அளவு குறைந்தால் நட்டம் பணம் மட்டுமே. அளவு மிகுந்தால் ஆபத்து. நம் வீடுகளில் மாலையானதும் நுளம்புச் சுருளைக் கொளுத்திச் செற்றியின் கீழோ கதிரையின் பக்கத்திலோ வைக்கிறோம். தரையைத் தொடும் விரிப்பின் குஞ்சம் மின்விசிறிக் காற்றில் அசைந்து அந்தக் கனலிற் படுவதற்கு அதிக நேரம் செல்லாது. பருத்தி பற்றி எரியும். பொலியெஸ்ரர் உருகித் தோலில் ஒட்டும். ஆதலின் விரிப்பின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 3 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். சுருளும் விளக்கும் செற்றியை விட்டு விலகியிருக்க வேண்டும். எழுந்து நடக்கும் முதியவரின் பெருவிரல் குஞ்சத்திற் சிக்கி விழுவதற்கும் இதே விளிம்புதான் காரணமாகிறது. குஞ்சம் வைத்த விரிப்பாயின் அதனை வெட்டிவிடுக. அழகு குறைந்தாலும் குறையட்டும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் செற்றியில் விரிப்புக்குள் போர்த்தி உறங்கவிடவே கூடாது. துணி முகத்தின்மேல் ஏறினால் விலக்கிக்கொள்ள அதற்கு இயலாது. மெத்தைக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள அந்த இடுக்கும் குழந்தைக்குப் பேராபத்து. அதற்குரிய இடம் அதன் தொட்டிலும் சமதளமான படுக்கையுமே.

எத்தனை விரிப்பு வேண்டும் என்று கேட்பின், இரண்டு என்பேன். ஒன்று கொடியிற் காயும்போது மற்றது செற்றியில் இருக்கும். ஒரே துணியில் இரண்டையும் ஒருமித்து வாங்கினால் அளவும் ஒன்றாயிருக்கும். இரண்டாவதற்கு மீண்டும் நாடா பிடிக்கவேண்டியதில்லை.