துணைக்கோளும் வீட்டுத் தொலைக்காட்சியும்



1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் துணைக்கோளின் வாயிலாக, நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எட்டின. கம்பிவலையாலான மூன்று மீட்டர்க் கிண்ணம் ஒன்று. ஊர் முழுவதற்கும் ஒரே பெட்டி. இன்று அப்பணியை இரண்டடிக் கிண்ணமே ஒவ்வொரு வீட்டுக்கும் செய்துவிடுகிறது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கி, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என வழங்கும் சேவைக்கு மாதக் கட்டணமும் இல்லை. பள்ளி வகுப்புகளுக்கான கல்வி அலைவரிசைகளும் இதில் வருகின்றன. இணைய வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு வகுப்பறையே ஆகும். எனவே, இணைக்கும் முறையை நாம் அறிந்திருப்பது அவசியம்.

ஃப்ரீ டிஷ்ஷுக்குரிய ஜிசாட்-15 துணைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. ஆதலால் மும்பையில் கிண்ணம் தென்கிழக்கை நோக்க வேண்டும். குவாஹாத்தியிலோ ஏறக்குறைய நேர் தெற்கை நோக்க வேண்டும். இடையில் மரமோ சுவரோ மறைத்தல் ஆகாது. கிண்ணம் குவிக்கும் அலைகளை, அதன் முன்னுள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவி வலுப்படுத்தி, அதிர்வெண்ணைக் குறைத்து, கேபிள் வழியே ரிசீவருக்கு அனுப்புகிறது. ரிசீவர் அதனைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகிறது.

கேபிளை மாட்டுமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஏனெனில், எல்.என்.பி. இயங்குவதற்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை ரிசீவரே இக்கேபிள் வழியாக அனுப்புகிறது. கேபிளின் மேல்வலையில் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். முனையைச் சுத்தமாகச் சீவித் திருகுவதே முறை.

அடுத்து, ரிசீவரையும் தொலைக்காட்சியையும் இணைக்க வேண்டும். பழைய பெட்டியாயின் மூன்று கம்பிகள்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. நிறத்துக்கு நிறம் பொருந்தினால் போதும். புதிய பெட்டியாயின் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றே இரண்டையும் சுமக்கும். ஆகவே, ரிசீவரில் மூன்று கம்பிக்கான துளைகள் இருப்பின், பழைய பெட்டியைக் கழித்துவிட வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் திரை இருண்டிருப்பதுண்டு. தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்னும் பொத்தானை அழுத்தி, கம்பி செருகிய துளைக்குரிய ஏ.வி.யையோ எச்.டி.எம்.ஐ.யையோ தேர்ந்தெடுக்காததே பெரும்பாலும் இதற்குக் காரணம். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த அலை, கடைசி ஒரு முழத்தில் நின்றுவிடுகிறது!

குறை எங்கே என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ரிசீவரின் மெனுவைத் திரைக்கு வரவழைத்துப் பார்க்க வேண்டும். மெனு தெரிந்து நிகழ்ச்சி மட்டும் வராவிடில், ரிசீவருக்கும் திரைக்கும் இடையே பழுதில்லை. அலைவரிசைகளைத் தேடிப் பதிவு செய்தோமா என்று பார்த்து, பிறகு கேபிளையும் கிண்ணத்தையும் ஆராய வேண்டும். மெனுவே தெரியாவிடில் குறை வீட்டுக்குள்ளேதான். கூரைமேல் ஏறுவது வீண். கனமழையில் படம் மறைந்தால் கிண்ணத்தைத் திருப்புதல் கூடாது. மழை விட்டதும் படம் திரும்பிவிடும். இடி மின்னல் வருமுன் மின்செருகியையும் கேபிளையும் கழற்றி வைப்பது நலம்.

இச்சிறு அறிவு நம்மிடம் இருந்தால், கம்பி ஒன்று கழன்றதற்காகப் பிள்ளைகளின் பாடம் நாள்கணக்கில் தடைபடாது.