உடன் ஓடும் உரிமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் புலவர்களையும் வள்ளல்களையும் போற்றிப் பேசுதல் நம் மரபு. இவ்வாண்டு ஒரு பந்தய வீராங்கனையைப் பற்றிப் பேசத் துணிந்துள்ளோம். அவர் தமிழரும் அல்லர், இந்நாட்டவரும் அல்லர். ஆயினும், பிறந்த மண் ஒன்றும் வாழ வந்த மண் ஒன்றுமாக வாழும் நமக்கு அவருடைய வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது. தாத்தியானா மெக்ஃபாடன் என்பது அவர் பெயர்.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ருஷிய நாட்டின் லெனின்கிராடு நகரில் அவர் பிறந்தார். தண்டுவடம் முழுமையாக மூடாத நிலையில் பிறந்தமையால் இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. ஈன்ற தாய் வளர்க்க இயலாத சூழலில் குழந்தை அநாதை இல்லத்தை அடைந்தது. அங்கே சக்கர நாற்காலி என்ற ஒன்று இல்லை. ஏனைய குழந்தைகள் ஓடக் கண்ட அக்குழந்தை, கைகளையே கால்களாக்கிக்கொண்டு தரையில் ஊன்றி நடந்தது. "யா சாமா" என்பது அக்குழந்தையின் வாயில் அடிக்கடி வந்த ருஷியச் சொல். 'நானே செய்துகொள்வேன்' என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் தம் நூலுக்கும் அச்சொல்லையே அவர் பெயராக வைத்தார்.

அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையில் உடற்குறையுடையோர் நலனுக்குப் பொறுப்பேற்றிருந்த டெபரா மெக்ஃபாடன் என்னும் அம்மையார், அலுவல் நிமித்தம் அவ்வில்லத்திற்கு வந்தார், குழந்தையைக் கண்டார், பின்னர்த் தம் மகளாகவே ஏற்றார். ஏறத்தாழ 6 வயதில் மேரிலாந்து மாநிலத்திற்கு வந்த தாத்தியானாவுக்கு மொழி புதிது, உணவு புதிது, உறவும் புதிது. மெலிந்திருந்த உடல் வலிமை பெறட்டும் என்று தாய் அவரை விளையாட்டில் சேர்த்தார். நீச்சல் முதலிய பலவற்றையும் பழகிய அவருடைய மனம் சக்கர நாற்காலிப் பந்தயத்தில் நிலைத்தது.

இப்பந்தய வண்டி, நாம் மருத்துவமனைகளில் காணும் நாற்காலி அன்று. பின்னே அடிப்பக்கம் அகன்று சாய்ந்த இரு பெருஞ்சக்கரங்கள். முன்னே நீண்ட தண்டின் நுனியில் ஒரு சிறு சக்கரம். வீரர் முன்னோக்கிக் குனிந்து, பெருஞ்சக்கரத்தோடு இணைந்த சிறு வளையத்தைக் கடினமான கையுறை அணிந்த கைகளால் அடித்துத் தள்ளுவார். வளையத்தைப் பற்றிப் பிடித்தால் வேகம் தடைப்படும். ஆதலால் அடித்தவுடன் விடுதல் வேண்டும். தோளும் முதுகும் இடைவிடாது உழைக்க, நெடுந்தொலைவுப் பந்தயத்தில் இவ்வீரர்கள் காலால் ஓடுவோரைக் காட்டிலும் விரைவில் எல்லையை அடைகின்றனர்.

இவ்விளையாட்டு எளிதில் மதிப்புப் பெற்றதன்று. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், டாக்டர் லுட்விக் குட்மன், போரில் முடமானோரைக் கொண்டு 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். அவ்வித்திலிருந்தே பாராலிம்பிக் என்னும் பெருமரம் முளைத்தது. 1975இல் பாஸ்டன் மராத்தானில் பாப் ஹால் என்பவர் சக்கர நாற்காலியில் கலந்துகொள்ள விரும்பினார். 3 மணி நேரத்திற்குள் முடித்தால் சான்றிதழ் தருவதாக அமைப்பாளர் உரைத்தார். ஹால் 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார்! அவர் திறந்த வழியில்தான் பின்வந்தோர் அனைவரும் சென்றனர்.

தாத்தியானா 2004இல், 15 வயதில், ஏதென்சு பாராலிம்பிக்கில் வெள்ளியும் வெண்கலமும் வென்று திரும்பினார். உலக அரங்கில் வென்ற அப்பெண், தம் ஊர்ப் பள்ளி விளையாட்டுக் குழுவில் சேர விரும்பினார். அங்கேதான் தடை எழுந்தது. மற்ற மாணவியர் ஓடி முடித்த பின்னர், வெற்றுத் தடத்தில் அவர் மட்டும் தனியே ஓட வேண்டும் என்றனர். முந்துவாரும் இல்லை, பிந்துவாரும் இல்லை. அதனைப் பந்தயம் என்று எங்ஙனம் சொல்வது?

தாயும் மகளும் நீதிமன்றம் சென்றனர். நட்ட ஈடாக ஒரு காசும் கேட்டாரில்லை. ஏனையோர் ஓடும் வேளையில் அதே தடத்தில் தாமும் ஓட வேண்டும் என்பதே வழக்கு. 2006இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எனினும் மைதானத்தில் ஏளனக் குரல்களும் எழுந்தன. பதினாறு வயதுப் பெண் அதனைப் பொறுத்துக்கொண்டு ஓடினார். 2008இல் மேரிலாந்து மாநிலம், உடற்குறையுள்ள மாணவர்க்கும் பள்ளி விளையாட்டில் சம வாய்ப்பு அளிக்கச் சட்டம் இயற்றியது. 2013இல் அமெரிக்கக் கல்வித் துறை நாடு முழுமைக்கும் இதே கருத்தில் வழிகாட்டுதல் வழங்கியது. அவர் பெற்ற பதக்கங்கள் அவருடையவை. இவ்வுரிமையோ எண்ணற்ற குழந்தைகளுடையது. இதனையே அவருடைய தலையாய வெற்றி என்று நாம் கருதுகிறோம்.

பின்னர் வந்த வெற்றிகளைச் சுருங்கச் சொல்வோம். 2012 இலண்டன் பாராலிம்பிக்கில் 3 தங்கம் வென்றார். 100 மீட்டர் இறுதிப் போட்டியில், அல்பேனியாவிலிருந்து அதே தாய் தத்தெடுத்த தங்கை ஹானாவும் அவருடன் ஓடினார். 2013இல் பாஸ்டன், இலண்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய நான்கு மராத்தான்களையும் ஒரே ஆண்டில் வென்றார். இச்செயலை அதற்குமுன் செய்தவர் ஒருவருமில்லை. 2014இல் ருஷியாவின் சோச்சி நகரில், பனிச்சறுக்குப் போட்டியில் வெள்ளி வென்றார். தம்மைக் கைகளால் நடக்கவிட்ட நாட்டிற்கு வெற்றியாளராக அவர் மீண்டது எண்ணுந்தோறும் உள்ளம் உருக்குவது. 2016 ரியோவில் 4 தங்கமும் 2 வெள்ளியும். மறு ஆண்டு இரத்தக்கட்டியால் பலமுறை மருத்துவச் சிகிச்சைக்கு உட்பட்டும், மீண்டும் களம் புகுந்தார். 2024 பாரிசு வரையில் அவர் வென்ற பாராலிம்பிக் பதக்கங்கள் 20க்கும் மேற்பட்டவை.

அன்பர்களே! நம் நாட்டிலும் இத்தகையோர் உண்டு. 1965 போரில் குண்டுபட்ட வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்றார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிட்டியது 2018இல்! திறமை அன்றே இருந்தது. காணும் கண்கள்தாம் 46 ஆண்டுகள் தாழ்ந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் அவர்கள் பங்கு பெறும் உரிமையைத் தனிப் பிரிவிலேயே கூறுகிறது. ஆனால் சட்டம் கதவைத் திறக்கும். வாயிற்படியில் சாய்தளம் அமைக்க வேண்டியவர் நாமே.

ஊர் விட்டு வந்த நாம், இடம் கேட்டு நிற்பதன் வருத்தம் அறிந்தவர்கள். ஆகவே, சங்கக் கட்டிடத்திற்குத் திட்டம் வகுக்கும்போது மேடைக்கும் சாய்தளம் உண்டா என்று கேட்போம். குழந்தைகளுக்கு விளையாட்டுப் போட்டி நடத்தும்போது, ஓரத்தில் அமர்ந்து பார்க்கும் குழந்தை யார் என்று நோக்குவோம். அக்குழந்தைக்கு இரக்கத்தின் பேரால் தனிப் பரிசொன்று கொடுத்தனுப்புதல் எளிது. எல்லோருடனும் ஓடவிடுதலே அறம். அதற்கு இச்சங்கம் முன்னிற்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.