கொடிய இரத்த நோயும் புதுமருந்துப் பரிசோதனையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது, முகம் வெளுக்கிறது, பல்லீறில் இரத்தம் கசிகிறது, அடிபடாமலே தேகத்தில் கருநீலத் தழும்புகள் தோன்றுகின்றன. பெரிய வைத்தியசாலையில் பரிசோதித்துத் தீவிர லூக்கீமியா என்கிறார்கள். “புதிய சிகிச்சையொன்று பரிசோதனையில் இருக்கிறது, சேரச் சம்மதமா?” என்று ஒரு காகிதத்தையும் நீட்டுகிறார்கள். “என் பிள்ளையை எலியாக்கப் பார்க்கிறார்களோ!” என்று தகப்பனார் திகைக்கிறார். அவ்வேளையில் நெடிது யோசிக்க அவகாசமிராது. ஆதலின் இன்றே யோசித்துவைத்தல் நலமென்று கருதி இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே இரத்தம் உண்டாகுமிடம். இந்நோயில் அங்கே முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமற் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமின்றிச் செய்துவிடுகின்றன. 1947-ஆம் வருஷம் வரையில் இதற்குத் தக்க மருந்து கிடையாது. நோய்கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் இறந்தன.

அக்காலத்தில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் என்னும் சத்தைச் சார்ந்த பொருள்களை இந்நோயாளிகளுக்குக் கொடுத்தார். நோய் முன்னிலும் விரைந்து பெருகிற்று. அச்சத்து நோயணுக்களை வளர்க்குமாயின், அதைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமன்றோ என்று அவர் எண்ணினார். அத்தகைய பொருள்களை ஆக்கித் தந்தது லெடர்லி ஆராய்ச்சிசாலை. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவராயிருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, நமது சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 குழந்தைகள் தேறினவென்று 1948-ல் ஃபார்பர் வெளியிட்டார்.

அத்தேற்றம் நிலைக்கவில்லை. மற்ற 6 குழந்தைகளுக்கு அதுவும் கிட்டவில்லை. ஆயினும், மருந்தால் இந்நோயைப் பின்னடையச் செய்யலாமென்பது அதனால் துலங்கிற்று. பின்வந்தோர் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும், அளவை மாற்றியும், ஒன்றோடொன்று ஒப்பிட்டும் படிப்படியாக முன்னேறினர். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லிம்ஃபாய்ட் வகையில், செல்வமிக்க நாடுகளில் இன்று 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கின்றனர். அவர்கள் யாவரும் அந்தப் பதினாறு குழந்தைகளுக்குக் கடன்பட்டவர்கள்.

இனிப் பரிசோதனை நடைபெறும் விதத்தைக் கூறுவேன். முதற்படியில் சிலருக்குக் கொடுத்து, எவ்வளவு மருந்தைத் தேகம் தாங்குமென்று பார்ப்பர். இரண்டாம் படியில் பலனுண்டா என்று ஆராய்வர். மூன்றாம் படியில் பலரைச் சேர்த்து, வழக்கத்திலுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவர். யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோலச் சீட்டு முறையால் தீர்மானிப்பர்.

“பிள்ளையின் உயிரைச் சீட்டில் வைப்பதா?” எனச் சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைத்தியர் தம் விருப்பப்படி பிரித்தால், தேகபலமுள்ளவர்களையே புதுமருந்துக்குச் சேர்த்துவிடக்கூடும்; பிறகு குணப்படுத்தியது மருந்தா, தேகபலமா என்பது விளங்காது. இரண்டினுள் எது மேலென்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் சீட்டு முறை தர்மமாகும். பழைய சிகிச்சை விழுந்தவருக்கும் வழக்கத்திலுள்ள நல்ல சிகிச்சை நடைபெறவேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்ததன் பயனுக்கு ஓர் உதாரணம் கூறுவேன். பாஷாணம் விஷமென்று நாமறிவோம். அதன் ஒரு வகையாகிய ஆர்சனிக் டிரையாக்ஸைடு, தீவிர லூக்கீமியாவில் புரோமைலோசைட்டிக் என்னும் பிரிவுக்கு மருந்தாகுமென்று சீன தேசத்து ஹார்பின் நகர வைத்தியர்கள் கண்டனர். நமது வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு இதை மட்டுமே கொடுத்ததில், 100-க்கு 86 பேரிடத்தில் நோய்க்குறிகள் முற்றும் நீங்கின. பின்னர் இத்தாலி, ஜெர்மனி தேசத்தார் அபாயம் மிகாத நோயாளிகளைச் சீட்டு முறையாற் பிரித்து ஒப்பிட்டனர். வைட்டமின் ‘ஏ’ இனத்து மருந்தொன்றோடு பாஷாண மருந்தைப் பெற்றவருள் 100-க்கு 97 பேர் இரண்டு வருஷம் நோய் திரும்பாது உயிருடனிருந்தனர். அதே மருந்தோடு பழைய கடுமருந்துகளைப் பெற்றவருள் 86 பேரே அவ்வாறிருந்தனர். இம்முடிவு 2013-ல் வெளியாயிற்று. இதைக் கேட்டுப் போலி வைத்தியரிடம் பாஷாணம் வாங்கியுண்ணல் ஆகாது. அளவு தவறினால் இருதயமே கெடும். வைத்தியசாலையில் இருதயத் துடிப்பைக் கவனித்தே கொடுக்கவேண்டிய மருந்து அது.

சம்மதம் கேட்கப்பட்டால் அஞ்சாமல் வினவுங்கள். இது எத்தனையாவது படி? இதிற் சேராவிடில் என்ன சிகிச்சை கிடைக்கும்? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? 2019-ஆம் வருஷத்து இந்தியச் சட்ட விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் அநுமதியும் பொதுப் பதிவேட்டிற் பதிவும் இன்றி இத்தகைய பரிசோதனை தொடங்கலாகாது. பரிசோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. சேர்ந்தபின் எப்போதும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுத்தல் கூடாது. உங்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்காத காகிதத்தில் கையொப்பமிட வேண்டாம். விவரந்தெரிந்த பிள்ளையாயின் அதன் இசைவையும் கேளுங்கள். புதியது யாவும் நல்லதென்று நம்பவும் வேண்டாம். பல புதுமருந்துகள் பலனின்றிப் போயின.

கடைசியாக ஒரு வார்த்தை. பழைய சிகிச்சையாயினும் புதியதாயினும், பாதியில் நின்றால் பயனில்லை. லிம்ஃபாய்ட் வகைக்கு இரண்டு, மூன்று வருஷம் சிகிச்சை தொடரவேண்டும். பணமின்றியோ, பட்டணத்தில் தங்க இடமின்றியோ, பெண் குழந்தைதானே என்ற அலட்சியத்தாலோ எவரும் நடுவில் திரும்பலாகாது. அத்தகைய குடும்பத்துக்குத் தங்குமிடமும் இரத்ததானம் செய்ய இளைஞர்களும் கிடைக்குமாறு நம் சங்கத்தார் ஒரு பெயர்ப்பட்டியலைத் தயாரித்து வைக்கவேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். அதில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.