இந்தியாவில் படித்த வெல்டிங் தொழிலுக்கு இங்கே சான்றிதழ் பெறுவது எப்படி?

(தமிழகத்திலிருந்து மீளத்திரும்பிய குடும்பங்களுக்காகப் பசறையில் நடந்த தகவல் கூட்டத்தில், வெல்டிங் தொழிலாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் தாய் தகப்பன்மார் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள். 1977, 1983 கலவரங்களில் வன்னிக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தார்கள். நாங்கள் முகாமில் வளர்ந்தோம். இப்போது ஊருக்கு வந்திருக்கிறோம். தோட்டத்தில் பேர் பதிவு இல்லை, சொந்தக் காணி இல்லை. கையில் இருப்பது தொழில் மட்டும்தான். அதையும் இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பேச வந்தேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ஒரு வருட வெல்டர் படிப்பு முடித்து, ஆறு வருடம் கிரில், கேட், ஷெட் வேலை செய்தவன். இங்கே வந்து வேலை கேட்ட முதல் பட்டறையில் சான்றிதழை நீட்டினேன். முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு, “இது இந்தியாவுடையது தம்பி” என்று மடித்துத் தந்தார். பாஸ் சம்பளம் கிடைக்கவில்லை, கையாள் சம்பளம்தான். எட்டு மாதம் நான் இரும்பைப் பிடித்துக் கொடுத்தேன், இன்னொருவர் ஒட்டினார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே எல்லோருக்கும் தெரிந்த சான்றிதழ் என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற் தகைமை. அதை வழங்குவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. மொத்தம் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை தொழிலாளர் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். தனியாக நின்று வேலை முடிக்கக்கூடிய வெல்டருக்கு உரியது 4ஆம் மட்டம். ஐ.டி.ஐ. சான்றிதழில் ஒரு முத்திரை குத்தினால் அது என்.வி.கியூ. ஆகிவிடாது.

அதற்காக மறுபடி வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி இருக்கிறது. எங்கே கற்றீர்கள் என்பது அதில் தடையில்லை. என்ன செய்யத் தெரியும் என்பதைச் செய்து காட்ட வேண்டும். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் இதற்கு விண்ணப்பிக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் மனிதவலு உத்தியோகத்தரைக் கேளுங்கள். கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கட்டியதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தமிழில் கேள்வி கேட்க வேண்டும் என்றால் அதையும் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். ஐ.டி.ஐ. சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வேலை செய்த இடங்களின் கடிதங்கள், செய்த வேலைகளின் படங்கள் எல்லாம் அதில் சேர வேண்டும். கடிதத்தில் “நல்ல பையன்” என்று எழுதி வாங்கிப் பயனில்லை. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன வேலை, எந்த மெஷினில் என்று இருக்க வேண்டும். இன்னும் முகாமில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அங்கே இருக்கும்போது ஒரு நாளில் வாங்கக்கூடிய கடிதத்துக்கு, இங்கே வந்த பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

அடுத்தது பெயர். எனக்கு ஐ.டி.ஐ. சான்றிதழில் அப்பாவின் முதல் எழுத்து மட்டும். பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கோப்பில் வைத்தேன். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்திருந்தால் அந்தப் பத்திரத்தைக் கவனமாக வையுங்கள். அடையாள அட்டைக்கும் அது தேவைப்படும்.

பிறகு செய்முறைப் பரீட்சை. மறைக்காமல் சொல்கிறேன், முதல் முறை எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. ஆறு வருடமும் இரும்பைத் தரையில் படுக்க வைத்து ஒட்டியே பழகியவன் நான். அங்கே நிறுத்தி வைத்த தகட்டில் கீழிருந்து மேலே ஒட்டச் சொன்னார்கள். கரண்டைக் குறைக்காமல் தொடங்கினேன். உருகிய இரும்பு வழிந்தது, உள்ளே கசடு நின்றது. தேறிய அலகுகளுக்கு மட்டும் பதிவு தந்தார்கள். அது வீண் போகாது, விட்டுப்போனதை மட்டும் பிறகு செய்து காட்டலாம். ஒரு பட்டறையில் கெஞ்சி, வேலை முடிந்த பின் துண்டுத் தகடுகளில் மூன்று வாரம் பழகினேன். இரண்டாம் முறை கிடைத்தது.

ஆகவே போகுமுன் படுக்கை, நிற்பது, தலைக்கு மேல் எல்லாம் பழகுங்கள். கேள்வியும் கேட்பார்கள். ஜி.ஐ. பைப்பை மூடிய அறையில் ஏன் ஒட்டக் கூடாது என்று என்னிடம் கேட்டார்கள். நாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். எனக்கு அது பட்டே தெரிந்திருந்தது.

வெளிநாடு போக நினைக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. என்.வி.கியூ. இருந்தாலும் அங்கேயுள்ள கம்பனி தனியாக டெஸ்ட் வைக்கும். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் பணமோ, மூலச் சான்றிதழோ கொடுக்காதீர்கள்.

இப்போது நான் வாங்குவது பாஸ் சம்பளம். கையில் இருக்கும் தொழில் அன்றைக்கும் இதேதான். கூட்டம் முடிந்ததும் உங்கள் பத்திரங்களைக் கொண்டு வாருங்கள், எது குறைகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.