மிஷின் கையேட்டில் ‘மஸ்ட்’ எது, ‘ஷுட்’ எது?

கம்போங் மேடானிலிருந்து சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களை நினைத்துக்கொண்டு இன்று பேசுகிறேன். மிஷினைத் துடைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லும் ஆங்கில வரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ‘ஷுட்’ இருந்தாலும் சரி, ‘மஸ்ட்’ இருந்தாலும் சரி, சூப்பர்வைசர் தமிழில் ‘அணைக்கணும்’ என்றுதான் சொல்வார். நம் காதுக்கு இரண்டும் கட்டளை. கையேடு எழுதுகிறவர்களுக்கோ ‘மஸ்ட்’ கட்டளை, ‘ஷுட்’ வெறும் பரிந்துரை. விபத்து நடந்துவிட்டால் விசாரணையில் புரட்டப்படுவது அந்தக் கையேடுதான்.

இது இலக்கணப் பண்டிதர்களின் சண்டை இல்லை. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளுக்காக 1997இல் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் இச்சொற்களுக்கு வரையறை தந்தது. ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கே கிடையாது. ‘ஷுட்’ என்றால், தக்க காரணம் இருந்து, விளைவை முழுதாக எடைபோட்ட பிறகு மீறலாம். இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் தொழிலாளி எதை வைத்து எடைபோடுவார்? அந்தத் தீர்ப்பை அவர் தலையில் கட்டுவதுதான் ‘ஷுட்’. மலேசியாவில் நமது 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையை, கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ போட்டுத்தான் சொல்கிறது. அதை மீறினால் 2024 ஜூன் முதல் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். முதலாளிக்குக் கட்டாயம், தொழிலாளி கையிலுள்ள தாளில் மட்டும் ஆலோசனையா?

‘மே’ இன்னும் வம்பு பிடித்தது. மூடி சூடாக இருக்கலாம் என்பதற்கும் அதுதான், மூடியைத் திறக்கலாம் என்பதற்கும் அதுதான். தமிழ் ‘லாம்’ விகுதியும் இந்த இடத்தில் யோக்கியமில்லை! ஆனால் ‘மே நாட்’ வந்தால் தமிழ் தெளிவு: திறக்கக் கூடாது வேறு, திறக்காமல் இருக்கலாம் வேறு.

‘மஸ்ட்’ அதட்டுவது போல இருக்கிறதே என்பார்கள். மரியாதையை மற்ற வரிகளில் காட்டலாம். மின்சாரம் பாயும் இடத்தில் வேண்டாம். அப்படியானால் எல்லா வரிக்கும் ‘மஸ்ட்’ போட்டுவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. பிராட்னரே அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்கிறார். தரையைத் துடைப்பதற்கும் ‘மஸ்ட்’, பிளேடைக் கழற்றுவதற்கும் ‘மஸ்ட்’ என்றால் படிப்பவர் இரண்டையும் ஒரே வேகத்தில் தாண்டிப்போவார். கை போகும், உயிர் போகும் வரிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டால் போதும்.