காதில் இரைச்சல், கண்ணில் உறக்கமில்லை



இரவு நேரம். லயத்தில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார். அவர் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். சிலருக்கு அது சில்வண்டு கத்துவது போல இருக்கும். சிலருக்கு விசில் போல இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு எதுவும் கேட்காது.

'பேய் பிடித்ததா? புத்தி கெட்டதா?' என்று அவர் பயப்படுகிறார். இரண்டும் இல்லை. இதற்குப் பெயர் காது இரைச்சல்.

இது ஏன் வருகிறது?

நம் காதின் உள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அவைதான் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. பலத்த சத்தம் அவற்றை அழித்துவிடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

வானொலியில் பேச்சு சரியாகக் கேட்காவிட்டால் ஒலியைக் கூட்டுகிறோம். அப்போது கரகரப்பும் கூடுகிறது. காது மந்தமானால் மூளையும் இப்படித்தான் செய்கிறது.

மூணாறு, பீருமேடு மலைகளில் தேயிலைத் தொழிற்சாலைகள் உண்டு. கஞ்சிக்கோட்டில் ஆலைகள் உண்டு. தோட்டங்களில் புல்வெட்டும் இயந்திரமும் மரம் அறுக்கும் இயந்திரமும் ஓடுகின்றன. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை நாள்தோறும் 8 மணி நேரம் கேட்டால் காது கெடும். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அந்த இடம் காதுக்கு ஆபத்தானது. அங்கே காதடைப்பான் கேட்டு வாங்கி அணியுங்கள். வேலை இரைச்சலால் வரும் காது கேளாமை ஒரு தொழில்நோய்.

முதுமை, காதில் அழுக்கு, சீழ், இரத்தக் கொதிப்பு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இரைச்சல் வரலாம். ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். ஊசி, குச்சி விடாதீர்கள்.

இரைச்சல் நாளுக்கு நாள் கூடுகிறதா? ஒரு காதில் மட்டும் கேட்கிறதா? நாடி துடிப்பது போல அடிக்கிறதா? தலை சுற்றுகிறதா? காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே செல்லுங்கள். தாமதித்தால் கேட்கும் திறன் திரும்பாமல் போகலாம்.

நீங்கள் கற்ற எழுத்து இங்கே உதவும். எந்தக் காது, எப்போது தொடங்கியது, என்ன வேலை, என்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் மலையாளம் பேசுபவரா? 'செவியில் மூளல்' என்று சொல்லுங்கள். புரியும்.

இனி, உறக்கத்துக்கு என்ன வழி?

அமைதியில்தான் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். ஆகவே மின்விசிறியையோ வானொலியையோ மெல்லிய ஒலியில் ஓட விடுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மாலைக்குப் பிறகு தேநீர், காப்பி வேண்டாம். மதுவும் வேண்டாம். படுக்கையில் கைபேசி பார்க்காதீர்கள். உறக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து சற்று உட்காருங்கள். கண் சொக்கும்போது படுங்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும்.

உறக்கம் கெட்டால் இரைச்சல் அதிகமாகத் தோன்றும். இரைச்சலை எண்ணிக் கவலைப்பட்டால் உறக்கம் மேலும் கெடும். உறங்காதவர் மறுநாள் மலைச்சரிவில் கால் தவறலாம். இயந்திரத்தில் கை தவறலாம்.

வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா? மனத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் பேசுங்கள். இது 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

ஆற்றங்கரையில் புதிதாகக் குடியேறியவருக்கு ஆற்றின் சத்தம் உறக்கத்தைக் கெடுக்கும். சில மாதம் போனால் அது இருப்பதே தெரியாது. காது இரைச்சலும் பலருக்கு அப்படிப் பழகிவிடுகிறது. காது மந்தமானவருக்குக் காது கேட்கும் கருவியும் உதவும்.

உங்கள் வீட்டில் யாராவது இரவில் விழித்துக் கிடக்கிறார்களா? கேளுங்கள். இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.